ஒட்டுப் பாவாடையின் இடுப்பளவு

பிப்ரவரி 4

என் அன்புத் தங்கை சிட்டுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் இங்கே சுகம். அவருக்கு முழங்கால் வலி, எனக்கு அவரால் தலைவலி, மற்றபடி குறையில்லை. நீயும் மாப்பிள்ளைத் தம்பியும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் எதைக் கேட்டாலும் நீ சிரித்தே மழுப்பிவிடுகிறாய். தாளில் சிரிக்க முடியாது பார், அதற்காகத்தான். தவிர, தையல் கூடத்தில் பன்னிரண்டு மெஷின் நடுவில் இருபது வருஷம் உட்கார்ந்து என் காதும் பாதி போய்விட்டது. நீ என்ன சொன்னாய் என்று அத்தானைக் கேட்டால் அவர் இஷ்டத்துக்கு ஒன்றைச் சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடுகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி உனக்கு நாற்பது முடிகிறது. அம்மா அந்த வயதைப் பார்க்கவில்லை. எனக்கு நாற்பது முடிந்த அன்று காலையில் எழுந்ததும் கையையும் காலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், நான்தானா என்று. அத்தான் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவருக்கென்ன தெரியும்? இப்போது உன் முறை வருகிறது. அந்த நாளில் நீ உடுத்துவதற்கு ஓர் ஒட்டுப் பாவாடை தைக்கப் போகிறேன். வயதுக்கு ஒன்றாக நாற்பது பட்டி, ஒவ்வொரு பட்டியும் துண்டு துண்டாக ஒட்டியது. மெஷின் தொடப்போவதில்லை. ஒட்டுவது, அடித்துணி கொடுப்பது, மேலே ஓட்டுத் தையல் போடுவது எல்லாம் கையால்தான்.

உன் துணி அச்சுக் கூடத்தில் மிஞ்சும் துண்டுகளை அனுப்பு. ஓரம் மங்கினது, அச்சுக் கட்டை நழுவினது, எதுவானாலும் பரவாயில்லை. கூடவே உன் இடுப்பளவையும் எழுது. போன முறை இருபத்தெட்டு இன்ச். அளவை நாற்பதால் வகுத்தால்தான் பட்டியின் மேல் அகலம் கிடைக்கும். அது தெரியாமல் கத்தரியை எடுக்க முடியாது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா


பிப்ரவரி 22

அக்காவுக்கு சிட்டு எழுதிக்கொண்டது.

இங்கே நாங்கள் இருவரும் நலம். அத்தானின் முழங்காலுக்கும் உன் தலைக்கும் என் விசாரிப்புகள்.

நாற்பது வயதுக்காரிக்குப் பாவாடையா என்று இவரிடம் சொல்லிச் சிரித்தேன். "உங்க அக்கா தைச்சா எண்பது வயசுலயும் கட்டலாம்" என்கிறார். பஸ் பணிமனையில் இஞ்சினுக்கு அடியில் படுத்துக் கிடப்பவருக்கு ரசனையைப் பார்.

துண்டுகள் அனுப்பியிருக்கிறேன். அவுரி நீலம் மூன்று விதம். சிவப்பில் சின்னப் பூ. கறுப்புக் கோடு போட்டது என் கை, நேராக இருப்பதைப் பார்த்தாலே தெரியும். கோணல் எல்லாம் பக்கத்து மேசைக்காரி போட்டது. அவளுக்குக் கட்டையைத் துணியில் வைக்கும்போதுதான் யாரிடமாவது பேச வேண்டும்.

அளவு அப்புறம் அனுப்புகிறேன். இடுப்பு எங்கே ஓடிவிடப் போகிறது? அம்மா நமக்கு என்றைக்கு டேப் வைத்து அளந்திருக்கிறாள்? ஒரு நூலை எடுத்து முன்பக்கம் மட்டும் பிடிப்பாள், இந்த விலாவிலிருந்து அந்த விலா வரை. பின்பக்கம் கை போனால் நாம் இரண்டு பேரும் கூச்சத்தில் நெளிவோம் என்று, "பின்னாடி எனக்குத் தெரியும்டி, நீ நில்லு" என்பாள். முன்பக்கத்து நூலைப் பார்த்தே முழுப் பாவாடையும் வெட்டுவாள். நீயும் அப்படி வெட்டேன்.

என்றும் உன்,
சிட்டு


மார்ச் 9

சிட்டுக்கு,

பார்சல் வந்தது. நாங்கள் சுகம், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

துண்டுகளைத் துவைத்துக் காயவைத்து, கட்டிலெல்லாம் பரப்பி, நிறம் சேர்த்துப் பார்த்தேன். அத்தானுக்கு அன்று படுக்க இடமில்லை. நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். அவுரி நீலத்தைக் கீழ் விளிம்புக்கு வைத்துக்கொண்டேன். சாயம் போகுமோ என்று உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டேன், ஒரு சொட்டுக் கூட இறங்கவில்லை. நல்ல வேலை.

ஆனால் ஒன்று. கறுப்புக் கோடு உன் கை என்று எழுதியிருக்கிறாய். நானும் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் பார்த்தேன். கடைசி இரண்டு துண்டில் கட்டை அரை விரல் இறங்கியிருக்கிறது. பேச்சுக்காரி கையாக இருந்தால் நான் கேட்கவே மாட்டேன். உன் கையென்றால், உனக்கு என்ன ஆயிற்று? தலை சுற்றியதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மேசை முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறவள் வெறும் வயிற்றோடு நிற்கக் கூடாது.

எங்கள் கூடத்தில் பள்ளிச் சீருடை வேலை தொடங்கிவிட்டது. கட்டிங் மாஸ்டர் ஒரே நாளில் முந்நூறு கால்சட்டை வெட்டிப் போட்டுவிட்டு, ஏதோ அவரே தைத்ததுபோல் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். வீட்டுக்கு வந்துதான் உன் பாவாடை. கீழ்ப் பாதிக்கு ஒட்டு போட்டுக்கொண்டிருக்கிறேன். மேல் பாதி உன் அளவுக்காகக் காத்திருக்கிறது.

அம்மா போல வெட்டு என்கிறாய். அம்மா உன்னைத் தினமும் கண்ணால் பார்த்தாள். நான் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. அளவை அனுப்பு.

அக்கா


ஏப்ரல் 18

அன்புள்ள அக்கா,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, திட்டாதே.

என்னை அச்சு மேசையிலிருந்து மாற்றிவிட்டார்கள். சாய வாசனை கொஞ்ச நாளாக ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது மாடிக்குப் போவதில்லை, கீழேயே உட்கார்ந்து துணியில் கறை இருக்கிறதா என்று பார்த்து மடித்து வைக்கும் வேலை. மேஸ்திரி நல்ல மனுஷர், கேட்டதும் கொடுத்துவிட்டார். அதனால் இந்த முறை அச்சுத் துண்டு இல்லை, வெள்ளைத் துணிதான். அடித்துணிக்கு ஆகும், மிருதுவாக இருக்கிறது.

தண்ணீர்க் குடத்தைக் கூட இவர் என்னைத் தூக்க விடுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரிகளின் கணவன்மாருக்கெல்லாம் இவரால் கெட்ட பெயர்.

அளவு அடுத்த கடிதத்தில். கோபித்துக்கொள்ளாதே.

சிட்டு


ஏப்ரல் 27

சிட்டு,

நாங்கள் இருக்கிறோம். உன் கடிதத்தை மடித்து வைப்பதும் மறுபடி பிரித்துப் படிப்பதுமாக இருக்கிறேன்.

நான் கேட்டது ஓர் எண். இரண்டே இலக்கம். அதை எழுத உனக்கு மூன்று மாதம் போதவில்லை. ஆனால் சாய வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதுகிறாய், மாடி ஏறுவதில்லை என்கிறாய், குடம் தூக்குவதில்லை என்கிறாய். பதினெட்டு வருஷம் அந்தச் சாயத்தில் முக்குளித்தவளுக்கு இப்போது என்ன வந்தது?

அம்மா எப்படிப் போனாள் என்று உனக்கு நினைவிருக்காது, நீ சின்னவள். எனக்கு இருக்கிறது. முதலில் சமையல் வாசனை பிடிக்கவில்லை என்றாள். பிறகு படி ஏறினால் மூச்சு வாங்கியது. உடம்பு உருகுவது நமக்குத் தெரியக் கூடாது என்று பாவாடைக்கு மேல் பாவாடை கட்டிக்கொண்டாள். உள்ளே ஊக்கு குத்தி, மடிப்பு வைத்து இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். எல்லாம் முடிந்த பிறகு அவள் துணியை மடித்து வைத்தவள் நான். கடைசியாகக் கட்டியிருந்த பாவாடையின் இடுப்பை அளந்து பார்த்தேன். ஏன் அளந்தேன் என்று இன்றுவரை தெரியாது. இருபத்திரண்டு இன்ச் இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அத்தானிடம் கூட.

அதனால்தான் கேட்கிறேன். நீ இளைத்துக்கொண்டு வருகிறாயா?

உனக்கு இரண்டு முறை வயிற்றில் வந்தது தங்காமல் போனபோதுகூட நீ என்னிடம் எதையும் மறைக்கவில்லை. அந்தப் பேச்சே இனி வேண்டாம் என்று ஐந்து வருஷத்துக்கு முன்னால் சொன்னாய், அன்றோடு நானும் விட்டுவிட்டேன். இப்போதும் அதைக் கேட்கவில்லை. உன் உடம்பைத்தான் கேட்கிறேன். டாக்டரைப் பார். நாளைக்கு என்று தள்ளிப்போடாதே. தம்பியைக் கூட்டிக்கொண்டு போ.

கவலையோடு,
அக்கா


ஜூன் 2

சிட்டு,

சுகமா?

ஐந்து வாரமாகிவிட்டது. என் கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது. போன் செய்தால் தம்பி எடுத்து "தூங்குறா அண்ணி" என்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன தூக்கம்?

நேற்றுக் கூடத்தில் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையை வைத்துத் தைத்துவிட்டேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. காஜா எடுக்கிற அம்மா பார்த்துவிட்டு யாருக்கும் தெரியாமல் பிரித்துக் கொடுத்தாள்.

பாவாடை வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா


ஜூலை 8

என் அக்காவுக்கு,

அங்கே எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். டாக்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஒருமுறை இல்லை, ஐந்து முறை பார்த்தாகிவிட்டது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வேளை தவறாமல் சாப்பிடுகிறேன். பத்து நாளாக வேலைக்குப் போகவில்லை.

உன் ஏப்ரல் கடிதத்தைப் பத்துத் தடவை படித்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினால் எல்லாவற்றையும் எழுதிவிடுவேனோ என்று பயமாக இருந்தது. இரண்டு இடது கை வைத்த சட்டையை நினைத்து முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

நீ கேட்ட அளவு இதோ. வெள்ளை நூல், தாளுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அம்மா பிடித்த மாதிரியே பிடித்தேன். நிதானமாகப் பார், அக்கா. அவசரப்படாமல் பார்.

வாயால் என்னைக் கேட்காதே.

சிட்டு


ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மனைவியின் அக்கா எழுதுவது. இந்தக் கடிதத்தை உங்கள் பணிமனை விலாசத்துக்கு அனுப்புகிறேன், அவளுக்குத் தெரிய வேண்டாம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்றுதான் எழுதத் தொடங்க வேண்டும். மன்னித்துவிடுங்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அவள் அனுப்பிய நூல் நேற்று வந்தது. மேசைமேல் டேப்பை நீட்டி அதன்மேல் வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு இன்ச். ஈரத்தில் சுருங்கியிருக்குமோ என்று இஸ்திரி போட்டு மறுபடி அளந்தேன். இருபத்திரண்டுதான். என் இடுப்பில் சுற்றிப் பார்த்தேன், பாதிதான் வந்தது. பிறகு அத்தானின் தலையில் சுற்றிப் பார்த்தேன். அவர் தலைக்குச் சரியாக இருந்தது தம்பி. ஒரு மனுஷியின் இடுப்பு ஒரு மனுஷனின் தலையளவு இருக்குமா? அவர் கூட அன்று பேப்பர் படிக்கவில்லை.

அவள் இருபத்தெட்டு இருந்தவள். எங்கள் அம்மா போகும்போது இருபத்திரண்டு. "அம்மா மாதிரியே" என்று வேறு எழுதியிருக்கிறாள். தனக்கும் அதுவே வந்திருக்கிறது என்று எனக்குச் சொல்ல வருகிறாளா? வாயால் கேட்காதே என்கிறாளே, அப்படியென்றால் டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்களா? ஐந்து முறை போனாளாமே, என்ன சொன்னார்கள்?

என்னிடம் மறைக்காதீர்கள். எங்கள் அம்மா மறைத்தாள், கடைசி வாரத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவள் தலையை மடியில் வைத்துக்கொள்ளக் கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இந்த முறை அப்படி ஆக விடமாட்டேன். கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். மாஸ்டர் "சீசன் நேரத்துலயா?" என்றார். "உங்க சீசன் அடுத்த வருஷமும் வரும்" என்றேன். உங்கள் பதில் வந்ததும் புறப்பட்டு வருகிறேன்.

உண்மையை எழுதுங்கள். எதுவானாலும் தாங்கிக்கொள்கிறேன்.

அண்ணி


ஜூலை 24

மரியாதைக்குரிய அண்ணிக்கு வணக்கம்.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் இதைப் படியுங்கள்: அவள் இளைக்கவில்லை. அவளுக்கு நோய் ஒன்றும் இல்லை. ஏழாவது மாதம் நடக்கிறது.

அந்த நூலைப் பிடித்தது நான்தான் அண்ணி. இந்த விலாவிலிருந்து அந்த விலா வரை, முன்பக்கம் மட்டும். அதுதான் இருபத்திரண்டு. பின்பக்கம் பதினாலு. சுற்றளவு முப்பத்தாறு, நானே டேப்பில் பார்த்தேன். உங்கள் அம்மா இப்படித்தான் அளப்பார்களாமே, "எங்க அக்காவுக்கு நூலைப் பாத்ததும் புரிஞ்சிடும்" என்றாள். நீங்கள் புரிந்துகொண்டு எழுதுவீர்கள் என்று தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, நாங்கள் செய்ததுதான் தப்பு.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதல் இரண்டு தடவையும் மூன்றாம் மாதமே ஊரைக் கூட்டிச் சொன்னோம். நீங்கள் சின்னச் சின்னச் சட்டையாகப் பதினொன்று தைத்து அனுப்பினீர்கள். அவை அப்படியே பெட்டியில் இருக்கின்றன. அந்தப் பெட்டியை அவள் திறப்பதும் இல்லை, யாருக்கும் கொடுப்பதும் இல்லை. சூடு கண்ட பூனை அண்ணி. இந்த முறை குழந்தை அழுகிற சத்தத்தைக் கேட்காமல் யாரிடமும் வாய் திறப்பதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். "அக்காகிட்ட சொன்னா அவ உடனே தைக்க உக்காந்துடுவா. மறுபடியும் அதை மடிச்சு வைக்க என்னால முடியாதுங்க" என்று அழுதாள். உங்களை நம்பாமல் இல்லை.

ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம் என்கிறார்கள். அதனால்தான் எப்போதும் படுக்கை. எனக்கும் பயம்தான். பணிமனையில் போல்ட்டைத் திருகிக்கொண்டே கூட மனதுக்குள் தேதியை எண்ணுகிறேன்.

சத்தியத்தை மீறித்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ள வேண்டாம், இப்போது புறப்பட்டு வரவும் வேண்டாம். உங்களைப் பார்த்தால் அவள் உடைந்துவிடுவாள். லீவை மட்டும் கையில் வைத்திருங்கள்.

பணிவன்புடன்,
உங்கள் தம்பி


ஆகஸ்ட் 30

என் செல்லச் சிட்டுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வேறு வழியில்லாமல் நானும் அதைப் பற்றிப் பேசுவதைக் குறைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் மழையா வெயிலா? வெயிலென்றால் மத்தியானம் வெளியே போகாதே.

நூல் கிடைத்தது. அளவு தெரிந்துகொண்டேன். பாவாடை தயார், இந்தப் பார்சலில் இருக்கிறது. பத்தொன்பதாம் தேதிக்குள் வந்து சேர்ந்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். அவர்கள் சொல்வது எனக்குத் தெரியாதா, அதனால் மூன்று வாரம் முன்னாலேயே போட்டுவிட்டேன்.

முதலில் பட்டையும் கொக்கியும் வைப்பதாகத்தான் இருந்தேன். மனம் மாறிவிட்டது. இப்போதெல்லாம் சுற்றிக் கட்டுவதைத்தான் கேட்கிறார்கள். ஒரு பக்கம் மூடாமல் விட்டு, நீளமாக இரண்டு நாடா வைத்திருக்கிறேன். எவ்வளவு தளர்த்தினாலும் தளரும், இறுக்கினாலும் இறுகும். நாடாவை மட்டும் மெதுவாகக் கட்டு. துணி மீந்துவிட்டதால் நாற்பதோடு நிறுத்தாமல் நாற்பத்தாறு பட்டி வைத்துவிட்டேன். துணியை வீணாக்கினால் எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும்.

நீ அனுப்பிய வெள்ளைத் துணியை அடித்துணியாகக் கொடுத்திருக்கிறேன். முடிச்சு ஒன்றுகூட உள்பக்கம் உறுத்தாது, என் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டேன். கட்டை அரை விரல் இறங்கிய அந்தக் கறுப்புக் கோட்டை நடுவில் வைத்திருக்கிறேன். அதை ஏன் திட்டினேன் என்று இருக்கிறது. அந்தத் துண்டுதான் எனக்கு இப்போது ரொம்பப் பிடித்திருக்கிறது.

வேறு எதையும் நான் தைக்கவில்லை சிட்டு. இந்தப் பாவாடையைத் தவிரச் சொந்தமாக ஒரு துணியிலும் என் ஊசி ஏறவில்லை.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. சாயங்காலம் ஆறு மணிக்குத் தூக்கம் வந்தாலும் தூங்கு. உடனே பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

எப்போதும் உன்,
அக்கா


அக்டோபர் 6

சிட்டுக்கு,

நலமாக இரு.

பார்சல் வந்ததா என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கார்டு. பத்தொன்பதாம் தேதி காலையில் எழுந்து, அங்கே நீ கை காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாயோ இல்லையோ என்று, உனக்காக நானே ஒரு தடவை என்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அத்தான் சிரிக்கவில்லை. நம் வீட்டுத் தபால்காரர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் எதிர்வரிசையில் நடந்து போகிறார்.

வேறொன்றும் கேட்கவில்லை.

அக்கா


அக்டோபர் 21

அக்கா,

என் அக்கா, நான் சுகம். இந்த வார்த்தையை இத்தனை மாதம் பொய்யும் மெய்யுமாக எழுதியிருக்கிறேன். இன்றைக்கு முழு மெய்யாக எழுதுகிறேன்.

பார்சல் செப்டம்பர் எட்டாம் தேதியே வந்துவிட்டது. பிரித்ததும் பட்டிகளை எண்ணினேன். நாற்பத்தாறு. மறுபடி எண்ணினேன். நாற்பது வயதுக்காரிக்கு ஆறு பட்டி உபரி எதற்கு? துணி மீந்ததாம்! மீந்த துணியில் நீ தலையணை உறை தைப்பாயே தவிரப் பாவாடையை நீட்டமாட்டாய். அதற்கப்புறம் கடிதத்தைப் படித்தேன். ஏழு மாதமாக இடுப்பளவு, இடுப்பளவு என்று உயிரை எடுத்தவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வெயிலில் போகாதே என்கிறாய், நாடாவை மெதுவாகக் கட்டு என்கிறாய். முழுப் பூசணிக்காயை இவ்வளவு அழகாகச் சோற்றில் மறைக்க உன்னால்தான் முடியும். இவரைக் கூப்பிட்டு முகத்தைப் பார்த்தேன். கையில் கிரீஸ் இல்லாத நேரத்திலும் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். போதாதா?

ஆனால் நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பிரசவம் ஆகும்வரை பேச வேண்டாம் என்று நாம் மூன்று பேருமே பேசாமல் முடிவு செய்துகொண்டோம் போலிருக்கிறது.

வேறு எதையும் தைக்கவில்லை என்று எழுதியிருந்தாயே, அன்றைக்கு அதைப் படித்துவிட்டுத்தான் அழுதேன். ஊசியை எடுக்காமல் உட்கார்ந்திருப்பது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

பத்தொன்பதாம் தேதி பாவாடையைக் கட்டினேன். சரியாக இருந்தது. வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோதும் அதைத்தான் கட்டியிருந்தேன். டாக்டர் சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னதாக, இந்த மாதம் எட்டாம் தேதி காலையில் பிறந்தாள். பெண். பிறந்ததும் அழவில்லை அக்கா. நான் காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேன், சத்தமே இல்லை. நர்ஸ் ஒருத்தி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அம்மாவை நினைத்தேன், உன்னை நினைத்தேன், பெட்டியில் இருக்கும் பதினொரு சட்டையையும் நினைத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடுத்த அறையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. இவர் வெளியே நின்று, "அழுதுட்டா! அழுதுட்டா!" என்று ஆஸ்பத்திரி முழுவதும் கேட்கும்படி கத்தினார். குழந்தை அழுததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை அங்கே யாரும் பார்த்ததில்லையாம்.

ஐந்து நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அதனால்தான் உடனே எழுதவில்லை. இப்போது வீட்டில், என் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். உன் பாவாடையை நாலாக மடித்து அதன்மேல் போட்டிருக்கிறேன். கறுப்புக் கோட்டுத் துண்டை இரண்டு முறை நனைத்துவிட்டாள். சாயம் போகவில்லை, நீ சொன்னது சரிதான்.

பெட்டியைத் திறந்தேன். பழைய சட்டை பதினொன்றையும் வெளியே எடுத்து வெயிலில் போட்டேன். போட்டுப் பார்த்தால் எல்லாம் இவளுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. அவ்வளவு சின்னவள். அதனால் புதிதாகத்தான் வேண்டும்.

பணிமனைக்கு நீ எழுதிய கடிதத்தை இவர் இப்போதுதான் காட்டினார். லீவு கையில் இருக்கிறதல்லவா? மாஸ்டரின் சீசன் அடுத்த வருஷமும் வரும். அத்தானையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டு வா. வரும்போது ஊசியை மறக்காதே.

இந்தத் தாளுக்குள் ஒரு நூல் வைத்திருக்கிறேன், விரித்துப் பார். பயந்துவிடாதே அக்கா, இது முன்பக்கத்து அளவு இல்லை. சுற்றளவே இவ்வளவுதான்.

சிட்டு